மரத்தின் இருப்பிடமும் அதன் எண்ணும்
வன அளவாய்வுக் களங்களில் ஆயத்தொலைகளை மாற்றும் முறை

வனத்திலுள்ள ஒரு மரத்தை ஒருமுறை அளந்து பதிவேட்டில் எழுதிவிடுவது எளிய காரியம். நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னர், முன்பு வந்திராத வேறொரு பணியாளர் அதே மரத்தை ஐயத்துக்கு இடமின்றிக் கண்டறிந்து மீண்டும் அளப்பதே கடினமானது. மரத்தில் அடித்த தகடு நெருப்பில் கருகலாம்; யானை உரசியதால் உதிர்ந்து போகலாம்; பட்டை வளர்ந்து தகட்டை மூடிவிடலாம். அத்தகைய வேளையில் அம்மரத்தை அடையாளங் காட்டுவது பதிவேட்டிலுள்ள அதன் இருப்பிடம் ஒன்றேயாகும். அந்த இருப்பிடம் பிழைபட்டிருப்பின், உயிரோடு நிற்கும் மரம் இறந்ததாகக் கணக்கில் ஏறும். அதன் அருகே நிற்கும் வேறொரு மரம் திடீரெனப் பருத்துவிட்டதாகவும் தோன்றும்.

மரத்தின் இருப்பிடத்தைக் குறிக்கும் எண்களுக்கு ஆயத்தொலைகள் என்று பெயர். ஒரே மரத்தின் இருப்பிடத்தைப் பல முறைகளில் குறிக்கலாம். களத்தில் அளப்போருக்கு ஒரு முறை வசதியானது; அலுவலகத்தில் கணக்கிடுவோருக்கு மற்றொன்று; தேசப்படம் வரைவோருக்கு வேறொன்று. ஒரு முறையிலிருந்து மற்றொரு முறைக்கு இவ்வெண்களை மாற்றும் விதிகளையும், அவ்விதிகளைக் கணினிக்குக் கட்டளைகளாக எழுதும் வகையையும், அப்போது நேரக்கூடிய பிழைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முதுமலைக் களம்

நீலகிரி மாவட்டத்திலுள்ள முதுமலை வனத்தில், பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள், ஆர். சுகுமார் அவர்களின் தலைமையில், 1988-ஆம் ஆண்டில் 50 ஹெக்டேர் பரப்புள்ள நிரந்தர ஆய்வுக் களம் ஒன்றை அமைத்தனர். அதன் நீளம் 1,000 மீட்டர். அகலம் 500 மீட்டர். தேக்கு, வெண்தேக்கு, கருமருது முதலிய இலையுதிர் மரங்கள் நிறைந்த இக்களத்தில், மார்பளவு உயரத்தில் 1 சென்டிமீட்டருக்குக் குறையாத விட்டமுள்ள ஒவ்வொரு மரமும் செடியும் அளக்கப்பெற்று, தகடு பொருத்தப்பெற்று, இருப்பிடம் குறிக்கப்பெற்றது. மார்பளவு உயரம் என்பது தரையிலிருந்து 1.3 மீட்டர் ஆகும். முதற் கணக்கெடுப்பில் 25 ஆயிரத்துக்கு மேற்பட்டவை பதிவாயின. அதன் பின்னர் ஆண்டுதோறும் இறந்த மரங்களும் புதிதாகத் தோன்றியவையும் கணக்கெடுக்கப்பட்டு வந்துள்ளன. நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை பருமனும் அளக்கப்பட்டு வந்துள்ளது.

இவ்வகைக் களங்களுக்கு முன்மாதிரியாக அமைந்தது, பனாமா நாட்டின் பாரோ கொலராடோ தீவில் 1980-ஆம் ஆண்டையொட்டி ஸ்டீபன் ஹப்பல், ராபின் பாஸ்டர் என்னும் இருவர் அமைத்த 50 ஹெக்டேர் களமாகும். இலங்கையில் சிங்கராஜ மழைக்காட்டில், பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிமல் குணதிலகவும் சாவித்திரி குணதிலகவும் 1993-ஆம் ஆண்டில் 25 ஹெக்டேர் களத்தைத் தொடங்கினர். அதன் ஒவ்வொரு பக்கமும் 500 மீட்டர். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைமையில் இயங்கும் உலகளாவிய வனக் களத் தொடர்பில் இவையும் இவை போன்ற பலவும் சேர்ந்துள்ளன. எல்லாக் களங்களிலும் அளவுமுறை ஏறத்தாழ ஒன்றேயாதலால், முதுமலையின் கணக்கைப் பனாமாவின் கணக்கோடு ஒப்பிட முடிகிறது. இருப்பிடத்தைக் குறிக்கும் முறையும் ஒன்றாக இருந்தால்தான் அவ்வொப்பீடு பயன் தரும்.

ஒரே மரம், நான்கு குறிப்புகள்

களம் முழுவதும் 20 மீட்டர் பக்கமுள்ள சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்படும். 1,000 மீட்டர் நீளத்தில் 50 கட்டங்களும், 500 மீட்டர் அகலத்தில் 25 கட்டங்களும் அமையும். மொத்தம் 1,250 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தின் நான்கு மூலைகளிலும் முளை நடப்படும். விளக்கத்தின் பொருட்டு, களத்தின் நீண்ட பக்கம் கிழக்கு மேற்காகவும், குறுகிய பக்கம் தெற்கு வடக்காகவும் இருப்பதாகக் கொள்வோம். தென்மேற்கு மூலையே தொடக்கப் புள்ளியாகும். இனி, ஒரு மரத்தின் இருப்பிடத்தைப் பின்வரும் நான்கு வகைகளில் கூறலாம்.

முதலாவது, களத்தொலை. தொடக்கப் புள்ளியிலிருந்து மரம் கிழக்கே எத்தனை மீட்டர், வடக்கே எத்தனை மீட்டர் என்பது இது. எடுத்துக்காட்டாக, ஒரு மரம் கிழக்கே 347.6 மீட்டரிலும் வடக்கே 128.3 மீட்டரிலும் நிற்பதாகக் கொள்க.

இரண்டாவது, கட்டத்தின் நிரலும் வரிசையும். தெற்கு வடக்காக நிற்கும் கட்டங்களின் தொகுதி நிரல். கிழக்கு மேற்காகக் கிடப்பது வரிசை. நிரல்கள் மேற்கிலிருந்து கிழக்காக 1 முதல் 50 வரையிலும், வரிசைகள் தெற்கிலிருந்து வடக்காக 1 முதல் 25 வரையிலும் எண்ணப்பெறும்.

மூன்றாவது, கட்டத்தின் தொடரெண். 1,250 கட்டங்களுக்கும் ஒரே தொடராக எண் இடப்படும். முதல் நிரலின் தென்கோடிக் கட்டம் 1. அதிலிருந்து வடக்கு நோக்கி ஏறி, 25-ஐ அடைந்ததும், அடுத்த நிரலின் தென்கோடிக்கு வந்து 26 எனத் தொடர வேண்டும். கணினியில் கணக்கிடுவதற்கு ஒரே எண்ணாக உள்ள இம்முறை மிக வசதியானது.

நான்காவது, கட்டத்தின் உள்தொலை. கட்டத்தின் தென்மேற்கு முளையிலிருந்து மரம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது இது. இதன் அளவு 0 முதல் 20 மீட்டருக்குள் அடங்கும். களப்பணியாளர் அளவுநாடாவைக் கொண்டு உண்மையில் அளப்பது இதனையே. ஆகவே, மற்ற மூன்றும் இதிலிருந்தே பிறக்கின்றன.

மாற்றும் விதிகள்

இவ்விதிகளுக்கு வேண்டிய கணிதம் வகுத்தலும் மீதி காணலுமேயன்றி வேறில்லை. ஓர் எண்ணுக்கு மிகாத மிகப் பெரிய முழு எண்ணை அதன் ‘கீழ்முழு’ என்று குறிப்போம். 17.38-இன் கீழ்முழு 17, 6.415-இன் கீழ்முழு 6. 4-இன் கீழ்முழு 4.

எடுத்துக்காட்டு மரத்தின் கிழக்குத் தொலையாகிய 347.6-ஐ 20-ஆல் வகுத்தால் 17.38 வரும். மரத்துக்கு மேற்கே 17 முழு நிரல்கள் கழிந்துவிட்டன என்பது இதன் பொருள். எனவே, மரம் 18-ஆவது நிரலில் உள்ளது. கழிந்த 17 நிரல்களின் நீளம் 340 மீட்டர், மீதி 7.6 மீட்டர். இதுவே கட்டத்தினுள் கிழக்குத் தொலை. அவ்வாறே 128.3-ஐ 20-ஆல் வகுத்தால் 6.415 வரும். ஆதலால் மரம் 7-ஆவது வரிசையில், கட்டத்தினுள் வடக்கே 8.3 மீட்டரில் உள்ளது.

தொடரெண் காண்பதற்கு, கழிந்த நிரல் ஒவ்வொன்றிலும் 25 கட்டங்கள் உள்ளன என்பதை நினைவிற் கொண்டால் போதும். கழிந்த 17 நிரல்களில் 425 கட்டங்கள். அதன்மேல் 7 கட்டங்கள். ஆகவே தொடரெண் 432.

திரும்பி வருவதும் இவ்வளவே. தொடரெண்ணிலிருந்து 1-ஐக் கழித்து 25-ஆல் வகுக்க வேண்டும். 431-ஐ 25-ஆல் வகுத்தால் ஈவு 17, மீதி 6. ஈவுடன் 1 கூட்டினால் நிரல் 18. மீதியுடன் 1 கூட்டினால் வரிசை 7. முதலில் 1-ஐக் கழிப்பது ஏன் என்பதை மாணவர்கள் வினவுவது இயல்பு. கட்டம் 25-ஐ நேரே 25-ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 0 எனக் கிட்டும். அப்போது அக்கட்டம் இரண்டாவது நிரலில், இல்லாத சுழி வரிசையில் இருப்பதாக முடியும். 1-ஐக் கழித்து 24-ஐ வகுத்தால் ஈவு 0, மீதி 24. நிரல் 1, வரிசை 25 எனச் சரியான விடை கிடைக்கும்.

கணினிக்குரிய கட்டளைகள்

ஒரு மரத்துக்கு இக்கணக்கைக் கையாற் செய்யலாம். சிங்கராஜக் களத்தில் உள்ளவையோ சுமார் இரண்டு இலட்சம் தண்டுகள். இத்தகைய பணியைக் கணினியிடமே ஒப்படைத்தல் வேண்டும். இவ்வகைக் களங்களின் விஞ்ஞானிகள் ‘ஆர்’ என்னும் கணினிமொழியில் இம்மாற்றங்களுக்கான கட்டளைத் தொடர்களை எழுதிப் பொதுப் பயனுக்கு விட்டுள்ளனர். மொழி எதுவாயினும் கட்டளைகளின் கருத்து பின்வருமாறு அமையும்.

களத்தொலையிலிருந்து கட்டத்துக்கு:

1. கிழக்குத்தொலை 0-க்குக் குறைந்தால், அல்லது 1000-க்குக் குறையாவிட்டால், ‘களத்துக்குப் புறம்பு’ என எழுதி நிறுத்துக.
2. வடக்குத்தொலை 0-க்குக் குறைந்தால், அல்லது 500-க்குக் குறையாவிட்டால், அவ்வாறே நிறுத்துக.
3. நிரல் = கீழ்முழு (கிழக்குத்தொலை ÷ 20) + 1
4. வரிசை = கீழ்முழு (வடக்குத்தொலை ÷ 20) + 1
5. தொடரெண் = (நிரல் − 1) × 25 + வரிசை
6. உள்கிழக்கு = கிழக்குத்தொலை − (நிரல் − 1) × 20
7. உள்வடக்கு = வடக்குத்தொலை − (வரிசை − 1) × 20

கட்டத்திலிருந்து களத்தொலைக்கு:

1. நிரல் = கீழ்முழு ((தொடரெண் − 1) ÷ 25) + 1
2. வரிசை = தொடரெண் − (நிரல் − 1) × 25
3. கிழக்குத்தொலை = (நிரல் − 1) × 20 + உள்கிழக்கு
4. வடக்குத்தொலை = (வரிசை − 1) × 20 + உள்வடக்கு

20, 25, 500, 1000 ஆகிய எண்களைக் கட்டளைகளின் நடுவே பல இடங்களில் எழுதாமல், தொடக்கத்தில் ஒரே இடத்தில் பெயரிட்டு வைப்பது நன்று. வேறொரு களத்துக்குப் போகும்போது அவ்வொரு இடத்தை மட்டும் திருத்தினால் போதும். சிங்கராஜக் களத்துக்கு 1000 என்பதை 500 என மாற்ற வேண்டும். வரிசைகளின் எண்ணிக்கை அங்கும் 25 ஆகவே இருக்கும்.

பிழை புகும் வழிகள்

கணினி பிழையான விடையையும் சரியான விடையைப் போலவே அமைதியாக அச்சிடும். ஆகவே, பிழை புகும் வாயில்களை முன்னரே அறிந்திருத்தல் அவசியம்.

(அ) எண்ணத் தொடங்குமிடம். கட்டத்துக்கு நான்கு இலக்கப் பெயர் இடுவது வழக்கம்: முதல் இரண்டு இலக்கம் நிரல், பின் இரண்டு வரிசை. பாரோ கொலராடோ தீவுக் களத்தில் இவ்வெண்கள் சுழியிலிருந்து தொடங்குகின்றன. அங்குக் கடைசிக் கட்டம் 4924. ஒன்றிலிருந்து தொடங்கும் முறையில் அதே கட்டம் 5025 ஆகும். நமது மரத்தின் கட்டம் முதல் முறையில் 1706. இரண்டாம் முறையில் 1807. சுழி முறையில் எழுதிய 1706-ஐ ஒன்று முறையில் படித்துவிட்டால், மரம் மேற்கே 20 மீட்டரும் தெற்கே 20 மீட்டரும் நகர்ந்துவிடும். மூலைவிட்டத்தில் இது 28 மீட்டருக்கு மேற்படும். தேடிப் போகும் பணியாளர் அங்கு வேறு மரத்தையே காண்பார்.

(ஆ) நிரலும் வரிசையும் இடம் மாறுதல். 1807 என்பதை வரிசை 18, நிரல் 7 எனப் படித்தால், மரம் தன் இடத்திலிருந்து 311 மீட்டர் தொலைவுக்குச் சென்றுவிடும். நிரல் எண் 25-க்கு மேற்பட்டிருந்தால், அவ்வளவு வரிசைகள் களத்தில் இல்லையாதலால், கணினி தடுத்துவிடும். 25-க்கு உட்பட்டிருந்தாலோ தவறான கட்டமும் களத்துக்குள்ளேயே விழும், தடுப்பார் இல்லை. 50 நிரல்களில் 25 இவ்வகையின. அதாவது, களத்தின் பாதிப் பகுதியில் இப்பிழை வெளித்தெரியாது மறைந்துவிடும்.

(இ) எல்லைக் கோடு. மரம் கட்டங்களின் இடைக்கோட்டின் மீதே நின்றால் எக்கட்டத்தைச் சேர்ந்தது? மேற்கண்ட விதிப்படி, தென் கோடும் மேற்குக் கோடும் கட்டத்துக்கு உரியவை. வட கோடும் கிழக்குக் கோடும் அடுத்த கட்டத்துக்கு உரியவை. இதனால் ஒரு மரம் இரு கட்டங்களில் எண்ணப்படுவதும், எதிலும் எண்ணப்படாமற் போவதும் தவிர்க்கப்படுகின்றன. களத்தின் வட எல்லையில் மட்டும் எச்சரிக்கை தேவை. 18-ஆவது நிரலில் வடக்குத்தொலை சரியாக 500 எனப் பதிவான மரத்துக்கு விதி 26 என்ற வரிசையைத் தரும்; தொடரெண் 425 + 26 = 451 ஆகும். 451 என்ற கட்டம் உண்மையில் உண்டு. அது 19-ஆவது நிரலின் தென்கோடிக் கட்டம்! வட எல்லையில் நிற்கும் மரம் அரைக் கிலோமீட்டர் தெற்கே இறங்கிவிடுகிறது. முதல் இரு கட்டளைகள் இதனைத் தடுப்பதற்கென்றே வைக்கப்பட்டவை.

(ஈ) குறை எண்கள். அளவில் நேர்ந்த சிறு பிழையால் வடக்குத்தொலை −0.4 என வரக்கூடும். கீழ்முழு என்னும் விதி இதனை −1 ஆக்கும். சில கணினிமொழிகளில் உள்ள தசமத்தை வெட்டும் கட்டளையோ இதனை 0 ஆக்கி, மரத்தை முதல் வரிசையில் நிறுத்திவிடும். இரண்டும் ஒன்றல்ல என்பதைக் கட்டளை எழுதுவோர் அறிந்திருக்க வேண்டும்.

(உ) தசம எண்கள். கணினி எண்களை இரும முறையில் வைத்துக் கொள்வதால், 0.1 போன்ற தசமங்களை மிகச் சரியாகக் குறிக்க இயலுவதில்லை. பல அளவுகளைக் கூட்டிப் பெற்ற 340.0 என்பது உள்ளே 339.9999… என இருக்கலாம். அப்போது மரம் முந்தைய நிரலுக்குப் போய்விடும். எல்லா அளவுகளையும் சென்டிமீட்டரில் முழு எண்களாக வைத்துக் கணக்கிட்டால் இத்தொல்லை இல்லை.

சரிவு நிலத்தில் அளத்தல்

மேற்கூறிய தொலைவுகள் யாவும் கிடைமட்டத் தொலைவுகள். தேசப்படமும் கிடைமட்டத்தையே காட்டுகிறது. சரிவான நிலத்தில் நாடாவைத் தரையோடு பிடித்து அளந்தால், கிடைமட்டத் தொலைவு குறைந்துவிடும். 20 பாகைச் சரிவில் தரையோடு 20 மீட்டர் அளந்தால் கிடைமட்டத்தில் 18.8 மீட்டரே கிடைக்கும். கட்டம் ஒன்றுக்கு 1.2 மீட்டர் குறையும். இவ்வாறே 25 கட்டங்கள் சென்றால் 30 மீட்டர், அதாவது ஒன்றரைக் கட்டம், காணாமற் போகும். சரியாக முளை நடுவதற்கு, 20-ஐச் சரிவுக் கோணத்தின் கோசைனால் வகுத்து, தரையோடு 21.28 மீட்டர் அளக்க வேண்டும். முளைகள் தவறான இடத்தில் இருந்தால், மிகச் சரியான கணினிக் கட்டளையும் அதனைத் திருத்த இயலாது.

இந்திய வன அளவாய்வு நிறுவனம் நெடுங்காலம் கையாண்ட சதுர மாதிரிக் களங்களுக்கும் இவ்விதியே பொருந்தியது. 0.1 ஹெக்டேர் பரப்புள்ள சதுரக் களத்தின் பக்கம் 31.62 மீட்டர். அதன் நடுப்புள்ளியிலிருந்து வடகிழக்கு, தென்கிழக்கு, தென்மேற்கு, வடமேற்குத் திசைகளில் 22.36 மீட்டர் கிடைமட்டத் தொலைவில் நான்கு மூலைகளும் குறிக்கப்பெற்றன.

களத்திலிருந்து தேசப்படத்துக்கு

களத்துக்குள் எண்கள் ஒழுங்காக அமைந்த பின்னர், களத்தை நாட்டின் தேசப்படத்தில் பொருத்துதல் வேண்டும். வானிலிருந்து எடுத்த படங்களோடு மரங்களை ஒப்பிடுவதற்கும், நெருப்புப் பரவிய எல்லையைக் களத்தின்மேல் வரைவதற்கும் இது இன்றியமையாதது.

களத்தின் அச்சு தேசப்படத்தின் வடக்கோடு சரியாகப் பொருந்துவது அரிது. களத்தின் வடக்கு அச்சு, படத்தின் வடக்கிலிருந்து கிழக்குப் புறமாகக் ‘கோ’ என்னும் கோணம் சாய்ந்திருப்பதாகக் கொண்டால், மாற்றும் விதி இது:

படக்கிழக்கு = மூலைக்கிழக்கு + கிழக்குத்தொலை × கோசைன்(கோ) + வடக்குத்தொலை × சைன்(கோ)
படவடக்கு = மூலைவடக்கு − கிழக்குத்தொலை × சைன்(கோ) + வடக்குத்தொலை × கோசைன்(கோ)

கோணம் 5 பாகையாயின், நமது மரம் களத்தின் மூலையிலிருந்து படத்தில் கிழக்கே 357.5 மீட்டரிலும் வடக்கே 97.5 மீட்டரிலும் அமையும். சாய்வைப் புறக்கணித்தால் இம்மரத்துக்கு 32 மீட்டர் பிழை நேரும். களத்தின் எதிர் மூலையில் அதுவே ஏறத்தாழ 97 மீட்டராகப் பெருகும். கோணத்தில் நேரும் பிழை தொலைவோடு வளரும் என்பதற்கு இது தக்க சான்று. பெரும்பாலான கணினிமொழிகள் கோணத்தைப் பாகையில் அல்லாது ரேடியனில் எதிர்பார்க்கும் என்பதும் கவனிக்கத்தக்கது.

‘வடக்கு’ என்பதும் ஒன்றன்று. புவியின் துருவத்தை நோக்கியது மெய்வடக்கு. திசைகாட்டியின் முள் காட்டுவது காந்தவடக்கு. படத்தின் கட்டக் கோடுகள் காட்டுவது படவடக்கு. காந்தவடக்கு காலப்போக்கில் மாறிக்கொண்டே இருக்கும். எனவே, திசைகாட்டியைக் கொண்டு அமைத்த களத்துக்கு, அமைத்த ஆண்டையும் பதிவேட்டில் எழுதி வைத்தல் கட்டாயம்.

அல்வால் காட்டும் பாடம்

உலகம் முழுவதற்கும் பொதுவாக வழங்கும் யூ.டி.எம். முறையில், புவி 6 பாகைத் தீர்க்கரேகை அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு நடு ரேகை உண்டு. அந்நடு ரேகைக்குக் கிழக்கெண் 5,00,000 மீட்டர் எனக் கொள்ளப்படும். கிழக்குத் தீர்க்கரேகை 72 பாகை முதல் 78 வரை 43-ஆவது மண்டலம். 78 முதல் 84 வரை 44-ஆவது மண்டலம். முதுமலை 43-ஆவது மண்டலத்தில் உள்ளது. ஐதராபாத் நகரின் வடபுறத்திலுள்ள அல்வால் ஏறத்தாழ 78.5 பாகையில் இருப்பதால் 44-ஆவது மண்டலத்தைச் சேர்ந்தது. மண்டல எல்லை அல்வாலுக்கு மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலேயே செல்கிறது. ஆதலால், விகாராபாதை அடுத்த அனந்தகிரி வனமும், நரசாப்பூர் வனமும் ஒரே மாநிலத்தில் அண்மையில் இருந்தும் வெவ்வேறு மண்டலங்களில் விழுகின்றன.

இதன் விளைவைக் காண்போம். அல்வாலில் நிற்கும் ஒரு மரத்தின் கிழக்கெண், 44-ஆவது மண்டலத்தில், ஏறத்தாழ 2,35,000 மீட்டர். பதிவேட்டில் மண்டல எண்ணை எழுத மறந்து, படிப்பவர் 43 என எண்ணிக் கொண்டால், அம்மரம் 72.5 பாகைக்குச் சென்றுவிடும். அந்த அட்சரேகையில் அவ்விடம் மேற்குக் கடற்கரைக்கு அப்பால் அரபிக் கடலில் உள்ளது. அல்வாலின் மரம் கடலில் நிற்கும்! மண்டல எண் இல்லாத யூ.டி.எம். குறிப்பு, ஊர்ப் பெயர் எழுதாத கதவிலக்கம் போன்றது.

அல்வால் தன் மண்டலத்தின் நடு ரேகையாகிய 81 பாகையிலிருந்து மிக விலகியிருப்பதால், அங்கு மெய்வடக்குக்கும் படவடக்குக்கும் இடையே ஏறத்தாழ முக்கால் பாகை வேறுபாடு உள்ளது. மெய்வடக்கு நோக்கி ஒரு கிலோமீட்டர் கோடு இட்டால், அதன் முனை படவடக்குக் கோட்டிலிருந்து 13 மீட்டர் விலகும். முதுமலையில் இவ்வேறுபாடு 0.3 பாகையே, கிலோமீட்டருக்கு 5 மீட்டர் விலகும். படத்தின் அளவுத்திட்டத்தால் தொலைவில் நேரும் வேறுபாடோ அல்வாலில்கூடக் கிலோமீட்டருக்கு அரை மீட்டருக்குள் அடங்கும். எனவே, திசையில் செலுத்தும் கவனமே பெரும்பிழையைத் தவிர்க்கும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. 1802-ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பேரளவை, 78 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி வடக்கே சென்றது. லாம்டனுக்குப் பின் அப்பணியை நடத்திய ஜார்ஜ் எவரெஸ்ட், புவியின் வடிவத்துக்கு 1830-இல் வகுத்த அளவுகளே இந்தியத் தேசப்படங்களுக்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்தன. இன்றைய ஜி.பி.எஸ். கருவிகள் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் வேறு அடிப்படையைக் கொண்டவை. 2005-ஆம் ஆண்டின் தேசப்படக் கொள்கைக்குப் பின் இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட பொதுப் படங்களும் அவ்வடிப்படையிலேயே அமைந்தன. பழைய படத்தில் படித்த அட்சரேகை தீர்க்கரேகைகளை அப்படியே ஜி.பி.எஸ். கருவியில் இட்டால், பல பகுதிகளில் நூறு மீட்டருக்கு மேற்பட்ட வேறுபாடு தோன்றும். பழைய வனப் பதிவேடுகளைப் புதிய படத்தில் ஏற்றுவோர், படத்தின் அடிப்படை எது என்பதை முதலில் பார்த்தல் வேண்டும்.

அடர்ந்த மரக்கூரையின் கீழ் ஜி.பி.எஸ். கருவியே பல மீட்டர் பிழை காட்டக்கூடும். ஆகவே, ஒவ்வொரு மரத்தையும் அக்கருவியால் குறிப்பது பொருத்தமன்று. களத்தின் மூலைகளை மட்டும் நுட்பமாக நிலை நிறுத்தி, மரங்களை முளைகளிலிருந்து நாடாவால் அளந்து, மேற்கூறிய விதிகளால் மாற்றிக் கொள்வதே சிறந்த முறை.

சரிபார்த்தல்

எழுதிய கட்டளைத் தொடரை இரு வழிகளில் சோதித்தல் வேண்டும். முதலாவது, போய்த் திரும்புதல்: களத்தொலையைக் கட்டமாக மாற்றி, மீண்டும் களத்தொலையாக மாற்றினால் தொடங்கிய எண்ணே வர வேண்டும். ஆயினும் இது மட்டும் போதாது. நிரலையும் வரிசையையும் போகும்போதும் திரும்பும்போதும் ஒரே விதமாக மாற்றி எழுதியிருந்தால், இச்சோதனை அப்பிழையைக் காட்டாது. ஆதலின், இரண்டாவது சோதனையாக, விடை முன்னரே தெரிந்த நான்கு மூலைகளையும் இட்டுப் பார்க்க வேண்டும். முதுமலை அளவுள்ள களத்தில் தென்மேற்கு மூலைக் கட்டம் 1, வடமேற்கு 25, தென்கிழக்கு 1226, வடகிழக்கு 1250 எனக் கிடைத்தால் கட்டளைகள் சரியானவை.

மூன்றாவது சோதனை வனத்திலேயே நடைபெற வேண்டியது. கணினி தந்த பட்டியலிலிருந்து சில மரங்களைத் தேர்ந்தெடுத்து, அவ்விடங்களுக்கு நேரிற் சென்று தகட்டெண்ணை ஒத்துப் பார்த்தல் வேண்டும். முன்னைய இரண்டிலும் தப்பிய பிழை இதில் அகப்படும்.

பள்ளியில் செய்யத்தக்க பயிற்சி

ஆசிரியர்கள் இதனைப் பள்ளி மைதானத்திலேயே கற்பிக்கலாம். 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள இடத்தைச் சுண்ணாம்புக் கோடுகளால் 2 மீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் 10 நிரல்களும் 5 வரிசைகளும் அமையும். நீள அகல விகிதத்தில் இது முதுமலைக் களத்தையே ஒக்கும். மாணவர்கள் மரங்களாக நிற்கட்டும். கிழக்கே 13.4 மீட்டரிலும் வடக்கே 6.9 மீட்டரிலும் நிற்கும் மாணவர் 7-ஆவது நிரலில், 4-ஆவது வரிசையில் இருப்பார்; அவருடைய கட்டத்தின் தொடரெண் 6 × 5 + 4 = 34. கட்டத்தினுள் அவர் கிழக்கே 1.4 மீட்டரிலும் வடக்கே 0.9 மீட்டரிலும் நிற்பார். ஒரு குழு அளந்து எழுத, மற்றொரு குழு அவ்வெழுத்தை மட்டும் கொண்டு இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நிரலையும் வரிசையையும் வேண்டுமென்றே மாற்றி எழுதிக் கொடுத்தால், தேடுவோர் எங்கே போய் நிற்கின்றனர் என்பதை வகுப்பு முழுவதும் காணலாம். பிழையின் அளவை அவர்கள் காலடியிலேயே உணர்வர்.

தொடக்கப் புள்ளி எது, எண் சுழியில் தொடங்குகிறதா ஒன்றில் தொடங்குகிறதா, நிரல் முன்னா வரிசை முன்னா, வடக்கு எவ்வடக்கு, படத்தின் மண்டலமும் அடிப்படையும் யாவை என்னும் இவ்வைந்தையும் பதிவேட்டின் முதற் பக்கத்தில் எழுதி வைப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். முதுமலை போன்ற களங்களில் ஒரு மரத்தின் வரலாறு பல பதிற்றாண்டுகள் நீள்கிறது. அதனை அளப்போர் மாறிக்கொண்டே இருப்பர். முன்னவர் எழுதிய அவ்வொரு பக்கமே பின்னவரை உரிய மரத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தும்.